லீஜன் காமிக்ஸை முதல் இதழிலிருந்து தொடங்காதீர்கள்

எதிர்காலத்து விடலை சூப்பர்ஹீரோக்களின் குழுவைப் பற்றிய, டிசி காமிக்ஸின் 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' புத்தகத்தை என்னிடம் ஆசையாக வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் ஒரே வாரத்தில் "செட் ஆகல" என்று திருப்பித் தந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தொடருக்குள் நுழையப் பல வாசல்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை தலையில் இடிக்கும்.

எல்லோரும் செய்கிற தவறு, ஒழுங்காகப் படிக்கிறேன் பேர்வழி என்று 1958-க்குப் போவது. அந்த ஆண்டு ஏப்ரல் தேதியிட்ட 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 247-ஆம் இதழில்தான் லீஜன் முதலில் தலைகாட்டியது. ஆட்டோ பைண்டர் எழுதி ஆல் பிளாஸ்டினோ வரைந்த கதை. ஆயிரம் வருடம் கழித்து வாழும் மூன்று விடலைகள் காலத்தில் பின்னோக்கி வந்து சூப்பர்பாயை, அதாவது சிறுவயது சூப்பர்மேனை, தங்கள் கிளப்பில் சேரக் கூப்பிடுவார்கள். தேர்வு வைப்பார்கள். வேண்டுமென்றே அவனைத் தோற்கடித்து, பையன் முகம் வாடியதும் "சும்மா விளையாட்டுக்கு" என்று சேர்த்துக்கொள்வார்கள். காலேஜ் ராகிங்தான், ராக்கெட் மட்டும் கூடுதல். ரசிகனான பிறகு படித்தால் இனிக்கும், முதலில் படித்தால் கொட்டாவி வரும். இரும்புக்கை மாயாவி போல எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தனிக்கதை என்று நினைத்து நடுவில் ஏதோ ஓர் இதழைப் பிரிப்பதும் இங்கே செல்லாது.

1958 வேண்டாமென்று சிலர் நேரே 1989-க்குத் தாவுவார்கள். நானே விழுந்த பள்ளம் இது. "இதுதான் டாப்" என்று ஒரு நண்பன் கையில் திணித்தது, கீத் கிஃபனும் பியர்பாம் தம்பதியும் 'ஐந்து வருடம் கழித்து' என்று தொடங்கிய கதை. பக்கத்துக்கு ஒன்பது கட்டம். யாரும் சூப்பர்ஹீரோ உடையில் இல்லை. பட்டப்பெயர்களை விட்டுவிட்டு ரோக், கார்த், இம்ரா என்று சொந்தப் பெயரில் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். யார் யாருடைய பழைய காதலி என்றே புரியாமல் மூடி வைத்தேன். நன்றாக எழுதப்பட்டதுதான். ஆனால் இருபது வருடம் கூடப் படித்தவர்களின் பழைய மாணவர் சந்திப்பில் அழையா விருந்தாளியாக உட்கார்ந்தது போல இருந்தது.

லீஜன் ஒன்றல்ல என்பதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 1994-இல் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கினார்கள். 2005 வாக்கில் மார்க் வெய்டும் பாரி கிட்சனும் இன்னொரு முறை. 2007-இல் பழைய குழுவைப் போன்ற ஒன்று திரும்பியது, 2019-இல் மறுபடி புதுசு. ஒரு தொடரில் லைட்னிங் லேட் என்று இருப்பவனுக்கு 1994 வடிவத்தில் லைவ் வயர் என்று பெயர். இது எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கோக்க முயன்றால் மண்டை காயும். ஒரு காலகட்டத்தைப் பிடியுங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

பெயர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடி வைப்பவர்களும் உண்டு. பவுன்சிங் பாய் பந்தாக உப்பித் துள்ளுவான். மேட்டர்-ஈட்டர் லேட் இரும்போ கல்லோ எதையும் தின்பான். சிரிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தின்னிப் பையன்தான் நினைத்ததை நிஜமாக்கும், யாராலும் அழிக்க முடியாத மிராக்கிள் மெஷினைத் தின்று எல்லோரையும் காப்பாற்றி, தான் பைத்தியமாகிப் போனான்.

என்னைக் கடுப்பேற்றுவது வேறு: "காமிக்ஸில் செத்தவன் எப்படியும் பிழைப்பான்" என்று இவர்களுடைய சாவுகளைத் தள்ளிவிடுவது. 1963-இல் லைட்னிங் லேட் செத்தான். அதே ஆண்டு எழுந்தும் விட்டான், சரி. எப்படி எழுந்தான் என்று பாருங்கள். உயிரற்ற உடலைச் சுற்றித் தோழர்கள் இரும்புக் கம்பிகளைத் தூக்கிப் பிடித்து இடிமழையில் நிற்பார்கள். மின்னல் யார் மேல் இறங்குகிறதோ அவர் உயிர் அவனுக்குப் போகும். தன் மேல்தான் இறங்க வேண்டுமென்று சாட்டர்ன் கேர்ள் ரகசியமாக ஏற்பாடு செய்திருப்பாள். ஆனால் அவள் உருவத்தில் அங்கே நின்று செத்தது புரோட்டி, இன்னொருவன் வளர்த்த, உருமாறும் செல்லப் பிராணி. சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் இது!

1967-இல் ஃபெர்ரோ லேடின் முறை. சூரியனை விழுங்க வரும் மேகத்துக்குள் குண்டோடு போகக் கிளம்பிய சூப்பர்பாயை ஒரே அடியில் ஒதுக்கிவிட்டு, தானே குண்டைத் தூக்கிக்கொண்டு பறந்தான். அவனை யாரும் மின்னல் வைத்து எழுப்பவில்லை. எழுதிய ஜிம் ஷூட்டருக்கு அப்போது மீசைகூட முளைத்திருக்காது, வயது 15.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பால் லெவிட்ஸும் கீத் கிஃபனும் 1982-இல் செய்த 'தி கிரேட் டார்க்னெஸ் சாகா'. இருபதுக்கு மேல் ஆட்கள் வருவார்கள், பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். கல்யாண வீட்டில் எல்லாப் பெரியப்பா பெயரும் தெரிந்தா சாப்பிடுகிறோம்? பிடித்த மூன்று முகங்களைப் பின்தொடர்ந்தால் போதும், மற்றவர்கள் தானாகப் பழகிவிடுவார்கள். வில்லன் யாரென்று மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். இருட்டில் ஒளிந்திருப்பவனை ஊகிப்பதில்தான் பாதி ருசி.

அது பிடித்தால் 1963, 1967 கதைகள். அந்த ஒன்பது கட்டப் புத்தகத்தை அதற்கப்புறம் கேளுங்கள், தருகிறேன். நண்பனிடம் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.