லைஃப் ஜாக்கெட் தேர்ந்தெடுப்பது எப்படி? படகில் புதிதாக ஏறுபவர்களுக்கு

லைஃப் ஜாக்கெட் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது நிறமும் விலையும். இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். உட்புறத்தில் இருக்கும் லேபிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது எவ்வளவு மிதக்கவைக்கும், என்ன எடை உள்ளவருக்கானது, எந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். லேபிள் இல்லையா, எழுத்து அழிந்துவிட்டதா? அந்த ஜாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

படி 1: லேபிளில் உள்ள எண்

மிதப்பு விசையை நியூட்டனில் சொல்வார்கள். 10 நியூட்டன் என்பது ஏறத்தாழ 1 கிலோவைத் தாங்கும் விசை. தண்ணீருக்குள் நம் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்துகொள்கிறது. அதனால் தலை வெளியே இருக்க, பெரும்பாலான பெரியவர்களுக்குக் கூடுதலாக 3 முதல் 5 கிலோ தாங்குதல் கிடைத்தால் போதும். அப்படியானால் 50 நியூட்டன் எல்லோருக்கும் போதுமே என்று தோன்றும். நினைவோடு இருந்து கைகாலை அசைக்கிறவருக்குப் போதும்தான். தலையில் அடிபட்டு மயங்கி, முகம் தண்ணீரில் கவிழ்ந்து கிடப்பவரை மல்லாக்கப் புரட்ட அது போதாது.

லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12402-இல் நான்கு நிலைகள் உண்டு. 50 என்பது நீந்தத் தெரிந்தவருக்கு, கரையோரத்தில், உதவி பக்கத்திலேயே இருக்கும்போது. 100 என்பது அலை அடங்கிய நீர்நிலைக்கு. 150 கடலுக்கு. 275 என்பது கனமான உடையோ கருவிகளோ சுமந்து ஆழ்கடலில் இருப்பவருக்கு. மழைக்கோட்டுக்குள் காற்று சிக்கிக்கொண்டால் உடம்பு குப்புறவே நிற்கப் பார்க்கும். அதை மீறிப் புரட்டத்தான் இவ்வளவு விசை. குழந்தைகளின் ஜாக்கெட்டில் உண்மையான விசை எடைக்கேற்பக் குறைவாக இருக்கும், அது குறையல்ல.

அமெரிக்காவில் பழைய லேபிள்களில் டைப் 1 முதல் டைப் 5 வரை இருக்கும். புதிய லேபிள்களில் 70, 100, 150 போன்ற எண்ணும் சிறு படங்களும் வருகின்றன. வளைந்த அம்புக்குறி இருந்தால், மயங்கியவரைப் புரட்டும் திறன் அதற்கு உண்டு. அதே அம்பின் குறுக்கே கோடு போட்டிருந்தால் இல்லை. கடையில் இந்த ஒரு படத்தைத் தேடுங்கள்.

படி 2: என்ன செய்யப் போகிறீர்கள்?

எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 275-ஐ மாட்டிக்கொண்டு கயாக் என்ற ஒடுக்கமான சிறு படகில் துடுப்புப் போட முடியாது. கவிழ்ந்தால் திரும்ப ஏறுவதும் பெரும்பாடு. இடைஞ்சலாக இருக்கும் ஜாக்கெட்டை ஆள் கழற்றித்தான் வைப்பார். கயாக்குக்கு அக்குள் பகுதி அகலமாகத் திறந்த, முதுகில் மேல்பாதியில் மட்டும் ஃபோம் உள்ள 50 அல்லது 70 வகை சரி. ஜெட் ஸ்கி, தண்ணீர்ச் சறுக்கு போன்றவற்றுக்கு மூன்று நான்கு பக்கிள்கள் உள்ள ஃபோம் ஜாக்கெட் வேண்டும். வேகமாக விழும்போது ஒற்றை ஜிப் பிய்ந்துகொள்ளலாம். காற்று நிரம்பும் வகையை இவற்றுக்கு வாங்கவே வாங்காதீர்கள். திறந்த கடலில் நெடுநேரம் போவதென்றால் 150-க்குக் கீழே யோசிக்க வேண்டாம்.

படி 3: அணிந்து பார்ப்பது

பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவுதான் கணக்கு. குழந்தைகளுக்கு உடல் எடை.

முதலில் எல்லா வார்களையும் தளர்த்தி அணியுங்கள். ஜிப்பை மூடி, பக்கிள்களைக் கீழிருந்து மேலாக மாட்டுங்கள். பிறகு பக்கவாட்டு வார்களை இறுக்குங்கள். ஆழமாக மூச்சை இழுத்தால் தடுக்கக் கூடாது. அதே சமயம் ஜாக்கெட் தொளதொளவென்று சுழலவும் கூடாது.

இப்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். ஒருவர் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுக்கட்டும். ஜாக்கெட் மோவாய்க்கு மேலே ஏறி முகத்தை மறைத்தால் அது பெரிது. தண்ணீரில் நடக்கப்போவதும் இதுவேதான்: ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து கீழே வழுக்குவார். வாயும் மூக்கும் துணிக்குள் மூடிக்கொள்ளும். வாரை இறுக்கியும் ஏறினால் ஒரு அளவு சிறியதைப் போட்டுப் பாருங்கள். கால்களுக்கிடையே செல்லும் வார் இருந்தால் அதையும் மாட்டியே சோதியுங்கள். பலர் அசௌகரியம் என்று அதைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். காற்று நிரம்பும் ஜாக்கெட்டில் இதுதான் பெரிய தப்பு.

முடிந்தால் இடுப்பளவு ஆழத்தில், அருகில் ஒருவர் நிற்க, முழங்காலை மடக்கி மிதந்து பாருங்கள்.

படி 4: குழந்தைகளுக்கு

அமெரிக்க அளவுகளில் 14 கிலோவுக்குக் கீழ், 14 முதல் 23, 23 முதல் 41 கிலோ என்று பிரிப்பார்கள். 'வளர்ந்ததும் போடலாம்' என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது பள்ளிச் சீருடைக்குச் சரி, இதற்குச் சரிவராது. சின்னக் குழந்தைக்கு மூன்று விஷயங்கள் கட்டாயம்: தலையைத் தாங்கும் காலர், கால்களுக்கிடையே வார், பிடித்துத் தூக்கக் கழுத்துக்குப் பின்னால் கைப்பிடி. கையில் மாட்டும் காற்றுப் பைகளும் நீச்சல் வளையமும் விளையாட்டுப் பொருள்கள். படகில் அவற்றுக்கு இடமில்லை.

படி 5: காற்று நிரம்பும் ஜாக்கெட்

மெல்லியது, வெயிலில் புழுங்காது, அதனால் கழற்றாமல் போட்டுக்கொள்வார்கள். ஆனால் இது ஓர் இயந்திரம், பராமரிப்பு வேண்டும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். 150 நியூட்டன் வகையில் பெரும்பாலும் 33 கிராம் வாயு. கையால் கயிற்றை இழுத்தால் ஊசி சிலிண்டரைத் துளைக்கும். தானியங்கி வகையில் தண்ணீர் பட்டதும் ஒரு சிறு மாத்திரை போன்ற பாகம் கரைந்து ஊசியை விடுவிக்கும். இன்னொரு வகை நீரழுத்தத்தில் இயங்கும். மழைக்கும் தெறிக்கும் தண்ணீருக்கும் அசையாது. கரையும் வகையை ஈரப் பெட்டியில் அடைத்து வைத்தால் அங்கேயே ஊதிக்கொள்ளும்.

அடிக்கடி நேரும் கோளாறு சிலிண்டர் தளர்வது. படகின் அதிர்வில் மரை மெல்ல மெல்லக் கழன்றுவிடும், ஊசி எட்டாது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் உறையைத் திறந்து, சிலிண்டரைக் கையால் திருகிப் பாருங்கள். ஜாக்கெட் தயாராக இருக்கிறதா என்று காட்டும் குறியீடு பச்சையாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வாய்க்குழாய் வழியாக ஊதி, 24 மணி நேரம் வைத்துத் தளர்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரைக் கழற்றி எடை போட்டு, அதன் மேல் அச்சிட்ட எடையோடு ஒப்பிடுங்கள். துருப்பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், துரு காற்றுப் பையை அரித்துவிடும். கரையும் பாகத்தின் மேலுள்ள தேதியையும் மறக்காதீர்கள்.

மழைக்கோட்டை இதன் மேல் போட்டுக்கொள்ளக் கூடாது. உள்ளே ஊதினால் மார்பை நசுக்கும். மூடிய அறைக்குள் தானியங்கி வகை ஊதிக்கொண்டால், தண்ணீர் ஏறும்போது ஆளைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும், வாசல் வழியாக முங்கி வெளியேற முடியாது. நீந்தத் தெரியாதவருக்கு ஃபோம் வகையே நல்லது. காற்று நிரம்பும் ஜாக்கெட்டின் லேபிளில் பெரும்பாலும் 16 வயதுக்குக் குறைந்தவருக்கு அல்ல என்றிருக்கும்.

படி 6: சட்டம்

நாட்டுக்கு நாடு, சில சமயம் ஏரிக்கு ஏரி மாறும். அமெரிக்க மத்திய விதிப்படி படகில் எத்தனை பேரோ அத்தனை ஜாக்கெட், ஒவ்வொருவருக்கும் பொருந்தும் அளவில், சட்டென எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். பாலித்தீன் உறையோடு பூட்டிய பெட்டியில் இருந்தால் கணக்கில் வராது. 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில், தூக்கி எறியும் மிதவை ஒன்றும் வேண்டும். கயாக்குக்கும் கனோவுக்கும் இதில் விலக்கு. ஓடும் படகின் திறந்த பகுதியில் 13 வயதுக்குக் கீழுள்ளவர் அணிந்தே இருக்க வேண்டும். மாநிலம் தனியாக வயது வைத்திருந்தால் அதுவே செல்லும். அயர்லாந்தில் 7 மீட்டருக்குக் குறைந்த திறந்த படகில் எல்லோரும் அணிய வேண்டும். நீங்கள் போகும் நீர்நிலையின் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் 'வைத்திரு' என்று மட்டும் சொன்னாலும் கரையிலேயே அணியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு தானாக வாரி இழுக்கும். சுமார் பத்து நிமிடத்தில் விரல்கள் விறைத்து, பக்கிளை மாட்டும் திறன் போய்விடும்.

படி 7: பராமரிப்பு

ஃபோம் ஜாக்கெட்டை மெத்தையாகப் போட்டு உட்காராதீர்கள். நசுங்கிய ஃபோம் மிதப்பை இழக்கும். பயணம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வெளுத்த துணியை விரல்களால் கிள்ளி இழுத்தால் கிழிகிறதா என்று பாருங்கள். கிழிந்தால் அதைக் குறுக்கே வெட்டிக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்க.