காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்: அல்க்மாரிலிருந்து பூர்மரெண்ட் வரை சைக்கிளில்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற நம்மவர்கள் பலரும், காற்றாலைகளுக்குப் பேர்போன ஸான்ஸ ஸ்கான்ஸுக்குப் போய், ஒரு காற்றாலை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். அடுத்த தடவை, ஐம்பத்தெட்டு வயதில், மகளோடு சைக்கிளில் கிளம்பினேன். அல்க்மார் ரயில் நிலையத்தில் தொடங்கி பூர்மரெண்டில் முடிகிற பாதை. சுமார் 30 கிலோமீட்டர். மேடே கிடையாது, ஆனால் காற்று உண்டு.

அதனால் தூரத்தைப் பார்க்காமல் காற்றின் திசையைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். அப்படியானால் அல்க்மாரிலிருந்து கிழக்கே போகும்போது அது முதுகில் தள்ளும். கீழைக்காற்று அடிக்கிற நாளில் பூர்மரெண்டில் ஏறி எதிர்த்திசையில் வாருங்கள். நாங்கள் அதைப் பார்க்காமல் போன ஒரு நாளில், திறந்த வயல்வெளியில் ஒதுங்க ஒரு மரமில்லாமல் இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தோம்.

வண்டியை வாங்கியதும் பிரேக் எங்கே என்று பாருங்கள். பல டச்சு சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். நான் பழக்கதோஷத்தில் பெடலைச் சும்மா பின்னோக்கிச் சுற்றினேன். கரைச் சரிவில் வண்டி சட்டென்று நின்று, நான் புல்லில் கிடந்தேன். ஒரு தெரு தள்ளிப்போய்ப் பத்து தடவை நிறுத்திப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். சாலையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக வரைந்திருந்து, கூர்முனை உங்களைப் பார்த்திருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது 2019 முதல் குற்றம்.

அதனால் வழிக்கு எண்களை நம்புங்கள். சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்துப் பலகை வைத்திருக்கிறார்கள். உங்கள் பாதையின் எண்களை வரிசையாகத் துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போதும்.

முதலில் ஸ்கெர்மர். 1635-இல் ஏரியை வற்றவைத்து எடுத்த நிலம். அதற்கு 52 காற்றாலைகள் நின்றன. இன்று 11 மிச்சம். ஸ்கெர்மர்ஹோர்ன் ஊரருகே மூன்று வரிசையாக நிற்கின்றன, அதில் ஒன்று அருங்காட்சியகம். திறந்திருக்கும் நாளைப் பார்த்துப் போய் உள்ளே ஏறுங்கள். இது மாவு அரைக்கிற ஆலை இல்லை, தண்ணீர் இறைக்கிறது. பெரிய திருகுத்தண்டு சுற்றச் சுற்ற, கீழ் வாய்க்கால் தண்ணீர் மேல் வாய்க்காலுக்கு ஏறும். ஒரே ஆலையால் அத்தனை உயரம் ஏற்ற முடியாது என்பதால்தான் படிப்படியாகப் பல ஆலைகள். ஆலைக்காரர் குடும்பமும் உள்ளேதான் குடியிருந்தது; அலமாரிபோல் சுவருக்குள் அடைத்த கட்டிலைப் பார்த்து, இதில் காலை நீட்டுவது எப்படி என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்து க்ரோட்ஸ்கெர்மர் வழியாக டே ரைப் போகும்போது தெற்கே திரும்புவீர்கள். காற்று எதிர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டே ரைப் அழகான ஊர். அங்கே பிறந்த லேக்வாட்டர் என்பவர்தான் ஏரிகளை வற்றவைத்த கைகாரர். 1630-இல் கட்டிய ஊர் மன்றமும் அவர் வரைந்ததுதான். காபிக்கு இங்கே நில்லுங்கள்.

டே ரைப்பைத் தாண்டிக் கரையேறி இறங்கினால் பேம்ஸ்டர். அந்தக் கரைமேல் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரு பக்கம் நிலத்தைச் சுற்றி ஓடும் கால்வாய், மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்த வயல். கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தேன்: என் தலைக்கு மேலே படகு ஒன்று அசைந்து போனது, பின்னணியில் வானம்தான். நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கிறோம் என்பது அப்போதுதான் வயிற்றில் உறைத்தது.

1612-இல் ஏரியை வற்றவைத்து எடுத்த இந்த நிலத்தை நூல் பிடித்த மாதிரி கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கே இறைத்த பழைய ஆலைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை, அதைத் தேடி அலையாதீர்கள். கூம்புக்கூரை போட்ட பண்ணைவீடுகளைப் பாருங்கள். மாடு, வைக்கோல், மனிதர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மிடன்பேம்ஸ்டர் வரை சாலை நேர்கோடு, காற்றும் மறுபடி முதுகில். அதைக் கடந்து தென்கிழக்கே பூர்மரெண்ட்.

ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். வார நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் ஏற்றவும் விடமாட்டார்கள். சனி, ஞாயிறு போய்விடுங்கள்.