தலப்படத்தைக் கொண்டு ஒரு கிராமப்புறத்தை அறிதல்

நிலத்தின் மேடுபள்ளங்களையும் ஆறு, பாதை, ஊர் முதலியவற்றையும் விரிவாகக் காட்டும் தலப்படத்தை விரித்ததும் பெரும்பாலோர் ஊர்ப்பெயர்களைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன், படத்தின் ஓரத்தில் உள்ள அளவை விகிதம், சம உயரக் கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடைவெளி, அதாவது அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு, நில அளவை நடந்த ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. 1:50,000 அளவையில் தரையின் 1 கி.மீ. தொலைவு 2 செ.மீ. ஆகவும், 1:25,000 அளவையில் 4 செ.மீ. ஆகவும் இருக்கும். நடந்து பார்க்க விரும்புவோருக்கு இரண்டாவதே ஏற்றது.

படத்தில் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு. ஒரு பள்ளத்தாக்கைக் கடக்கும்போது கோடுகள் மேட்டை நோக்கியும், மலைமுகட்டைக் கடக்கும்போது தாழ்வை நோக்கியும் வளையும். இதைக் கொண்டு, படத்தில் ஓடை காட்டப்படாத இடத்திலும் மழைநீர் எவ்வழி இறங்கும் என்று சொல்லிவிடலாம்.

அதன் பிறகே ஊர்களைப் பார்க்க வேண்டும். ஒரு மலையடிவாரத்தில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் ஊர்கள் வரிசையாக அமைந்திருந்தால், நீர் ஊடுருவும் பாறைக்கும் ஊடுருவாத பாறைக்கும் இடையே ஊற்றுகள் வெளிப்படும் மட்டமாக அது இருக்கலாம்.

வரலாற்றைத் தேடுவோருக்கு அதிகம் பயன்படுவது, பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் நிர்வாக எல்லைக்கோடுதான். ஆற்றை ஒட்டி வரும் எல்லை ஓரிடத்தில் அதைவிட்டு விலகி, வயல்களுக்குள் வளைந்து சென்று மீண்டும் ஆற்றோடு சேருமானால், ஆறு முன்பு அந்த வளைவில் ஓடியிருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த கஸ்காஸ்கியா இதற்குத் தெளிவான சான்று: 1881-ஆம் ஆண்டு வெள்ளத்தில் மிசிசிப்பி ஆறு புதுத்தடம் பிடித்ததால், அம்மாநிலத்தின் முதல் தலைநகராக விளங்கிய அவ்வூர் இன்று ஆற்றின் மேற்கே, மிசௌரி நிலப்பரப்போடு ஒட்டிக் கிடக்கிறது, எல்லைக்கோடோ பழைய தடத்திலேயே நிற்கிறது.

இத்தகைய ஐயம் எழுந்தால் பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும். 1884 முதலான அமெரிக்கப் படங்களை அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறையும், பிரிட்டனின் பழைய படங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகமும் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. புதிய படத்தில் வெறும் நடைபாதையாகத் தெரியும் ஒரு கோடு, மேடுகளை வெட்டியும் பள்ளங்களில் கரையெழுப்பியும் மென்மையான வளைவுகளோடு சென்றால், பழைய படத்தில் அது ரயில் பாதையாக இருக்கக்கூடும்.

இறுதியாக, படத்தோடு நேரில் சென்று பார்ப்பது கட்டாயம். சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டராக இருக்கும் படத்தில், 15 மீட்டர் உயர மேடு எந்தக் கோட்டிலும் படாமல் மறைந்துவிடலாம். அப்படிக் கண்டவற்றைப் பென்சிலால் படத்திலேயே குறித்துவைப்பது நல்லது.