திருத்தம் சொன்னால் எப்படி வாங்கிக்கொள்வது?

தையல் பழகும்போது மூத்தவர் பிழையைச் சுட்டினால், "தெரியும்", "ஆனா" என்ற இரண்டு சொற்களை அடக்கிக்கொள்ளுங்கள். அவற்றைக் கேட்டால், அடுத்த முறை பிழையைப் பார்த்தும் அவர் பேசாமல் போய்விடக்கூடும். பெரிய நட்டம் அதுதான்.

சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "அக்கா, ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கும்முன் கைத்துணியின் நடுவையும் தோள் தையலையும் சேர்த்துக் குண்டூசி குத்தணும், சரியா?" தப்பாகப் புரிந்திருந்தால் துணி வீணாகும்முன் தெரிந்துவிடும். காரணத்தையும் கேளுங்கள். நடு விலகினால் கை முறுக்கிக்கொள்ளும் என்று அறிந்தவருக்கு அடுத்த ரவிக்கையில் மறக்காது. அன்றே பழைய துணியில் தைத்து, சொன்னவரிடமே காட்டுங்கள். ஒரே சந்தேகத்தை நாலு பேரிடம் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொருவர் கைமுறையும் வேறு, தொடக்கத்தில் குழப்பம்தான் மிஞ்சும்.