ஹோம் தியேட்டருக்கு மலிவாக, சரியாக ஸ்பீக்கர் ஒயர் வாங்க

கடைக்குப் போகுமுன் ஒரு நூலை எடுத்து அளந்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு நேர்கோட்டில் அளந்தால் பத்தாது. சுவரை ஒட்டி, கதவு நிலையைச் சுற்றி, ஒயர் போகிற வழியிலேயே அளக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் கூடுதல். சாதாரண ஹாலில் 5.1 அமைப்புக்கு (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) முன்பக்கம் தலா 4, சென்டருக்கு 3, பின்பக்கம் தலா 12 என 35 மீட்டர் ஆகும். பாஸ் ஒலிக்கான சப்வூஃபருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) இருந்தால் அதற்கு ஆர்சிஏ என்ற சிக்னல் கேபிள், இந்த ஒயர் இல்லை.

தடிமனைத் தீர்மானிப்பது தூரமும் ஸ்பீக்கரின் ஓமும்தான் (ஓம் என்பது மின்தடையின் அளவு). போக, வர இரண்டு கம்பியின் மின்தடையும் சேர்ந்து ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1 சதுர மி.மீ. செப்பு ஒயர் 10 மீட்டர் வரை சரி, 1.5 என்றால் 15 மீட்டர், 2.5 என்றால் 25 மீட்டர். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்தத் தூரமெல்லாம் பாதி. எனவே மேற்சொன்ன ஹாலில் 8 ஓம் என்றால் எல்லாவற்றுக்கும் 1.5, 4 ஓம் என்றால் பின்பக்கத்துக்கு மட்டும் 2.5. ஓம் எவ்வளவு என்பது ஸ்பீக்கரின் முதுகிலேயே அச்சிட்டிருக்கும்.

ஆடியோ கடையைவிட எலக்ட்ரிக்கல் கடையில் கேட்பது மலிவு. ஐஎஸ் 694 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள 2 கோர் (இரண்டு கம்பி) ஃப்ளெக்சிபிள் செப்பு ஒயர் இந்த வேலைக்குக் கச்சிதம். சிவப்பு-கறுப்பு ஜோடி ஒயரில் 23/76, 40/76 என்பார்கள்: முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது இழையின் விட்டம், 0.0076 அங்குலம். அப்படிப் பார்த்தால் 40/76 ஏறக்குறைய 1.2 சதுர மி.மீ.தான். முனையைப் பிரித்து இழையை எண்ணிப் பாருங்கள், குறைவாக இருப்பதும் உண்டு.

பெரிய ஏமாற்று, செப்பு முலாம் பூசிய அலுமினியம். கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும். ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். (வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செப்பு, அது நல்லதே.) அலுமினியத்துக்கு மின்தடை சுமார் ஒன்றரை மடங்கு; வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். சுவருக்குள் பைப்பில் போவதற்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம், மாற்ற முடியாது. அந்தப் பைப்பில் கரண்ட் ஒயரையும் சேர்த்து இழுக்கக் கூடாது.

'ஆக்ஸிஜன் இல்லாத செப்பு' என்று அட்டையில் போட்டு அதிக விலை சொன்னால் தள்ளுங்கள். சாதாரண மின்செப்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் வித்தியாசம் ஒரு சதவீத அளவே, காதுக்குத் தெரியாது. இடது வலது ஒயர்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதும் வீண் கவலை.

முனையில் 12 மி.மீ. உரித்து, இறுக்கி முறுக்கிச் செருகுங்கள். ஈயம் பற்றவைத்துத் திருகில் மாட்டினால் நாளடைவில் ஈயம் நசுங்கி இணைப்பு தளரும். வெளியே நீட்டிய ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப் புரொடெக்ஷனுக்குப் போய்விடும் (தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்திவிடும்), சில சமயம் எரிந்தும் போகும்.

பாஸ் மெலிந்து, வசனம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாவிட்டால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் + − மாறியிருக்கிறது. ஆம்ப் பக்கத்து முனைகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். செல்லின் + சிவப்பு ஒயரில் படும்போது வூஃபர் (பெட்டியிலுள்ள பெரிய ஸ்பீக்கர்) கூம்பு முன்னால் தள்ள வேண்டும். உள்ளே போனால் அந்த ஸ்பீக்கரில் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.