ஹைட்ரோமீட்டர் பார்ப்பது எப்படி? வீட்டில் பீர் செய்யத் தொடங்குபவர்களுக்கு

நம்மூரில் ஒருவன் ‘காய்ச்சுகிறான்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே 1963 முதல் சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் செய்ய லைசென்ஸ் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். அங்கே இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்னுடைய முதல் பீர் கிட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. தெர்மாமீட்டர் போலிருக்கிறது என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன். ஆறாவது நாள் ஏர்லாக்கில், அதாவது பீர் புளிக்கும் வாளியின் மூடியில் வாயு வெளியேற வைக்கும் சின்னக் குழாயில், குமிழி நின்றது. சரி, புளித்து முடிந்தது என்று பாட்டில்களில் அடைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பாட்டிலைத் திறந்தால், பாதி பீர் சமையலறைக் கூரையில். நல்லவேளை, பாட்டில் வெடிக்கவில்லை. குமிழி நின்றதற்குக் காரணம் வீட்டில் குளிர் அதிகமாகி ஈஸ்ட் சோம்பிப் போனதுதான். சர்க்கரை உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. ஒரு லிட்டர் பீரில் வெறும் 4 கிராம் சர்க்கரை புளித்தாலே ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு வரும். மூடிய பாட்டிலுக்குள் அது எங்கே போகும்?

அந்தக் கண்ணாடிக் குழாய்தான் ஹைட்ரோமீட்டர். அதை அன்றே போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இது என்ன கருவி

பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் போட்டுப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் சகோதரன்தான் இது. பள்ளிப் புத்தகத்தில் திரவமானி என்று படித்திருப்போம். கெட்டியான திரவத்தில் மேலே மிதக்கும், நீர்த்த திரவத்தில் இறங்கும். சுத்தமான தண்ணீரில் 1.000 காட்டும். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. அதன் சாறு, அதாவது வோர்ட், சர்க்கரை நிறைந்தது. சாதாரண பீருக்கான வோர்ட் 1.040 முதல் 1.060 வரை காட்டும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும்போது எண் குறைந்துகொண்டே வரும். தொடக்க எண்ணை ஓ.ஜி. என்பார்கள், கடைசி எண்ணை எஃப்.ஜி. என்பார்கள்.

இங்கிலாந்தில் இதை அதிகம் நம்பியவர்கள் வரி அதிகாரிகள். 1880 முதல் பீர் வரியே ஓ.ஜி.யை வைத்துத்தான் போடப்பட்டது. ஆல்கஹால் சதவீதத்துக்கு மாறியது 1993இல்தான்.

முதலில் கருவியையே சோதியுங்கள்

உள்ளே இருக்கும் அளவுத்தாள் கொஞ்சம் நழுவியிருந்தாலும் எல்லா எண்ணும் தப்பாகும். 20 டிகிரி தண்ணீரில் மிதக்க விடுங்கள். 1.000 காட்டினால் நல்லது. 1.002 காட்டினால் தூக்கி எறிய வேண்டாம், இனி எடுக்கும் எல்லா அளவிலும் 0.002 கழித்துக்கொள்ளுங்கள், போதும். சில பழைய கருவிகள் 15.5 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. எந்த வெப்பநிலை என்பது தாளிலேயே பொடி எழுத்தில் இருக்கும்.

மாதிரி எடுப்பது

ஈஸ்ட் போடுவதற்கு முன் முதல் அளவை எடுக்க வேண்டும். போட்ட பிறகு ஞாபகம் வந்து பயனில்லை. கிட்டில் இருக்கும் மால்ட் பாகைத் தண்ணீர் விட்டு நிரப்புகிறவர்கள், மாதிரி எடுக்கும் முன் நன்றாகக் கலக்குங்கள். பாகு அடியில் தங்கும், தண்ணீர் மேலே நிற்கும். “என் ஓ.ஜி. 1.030தான் வந்தது, கிட் மோசம்” என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் சரியாகக் கலக்காதவர்கள் என்பது என் சந்தேகம்.

கிருமிநீக்கம் செய்த கரண்டியாலோ குழாயாலோ எடுத்து, உயரமான சோதனைக் குழாயில் ஊற்றுங்கள். கருவி அடியில் முட்டாமல் மிதக்கும் அளவுக்கு இருந்தால் சரி. எடுத்த மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள். குடித்துப் பாருங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ருசி எப்படி மாறுகிறது என்று தெரியும்.

புளித்துக்கொண்டிருக்கும் பீரில் வாயு இருக்கும். குமிழிகள் கருவியில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும், எண் கூடுதலாகத் தெரியும். இதற்கு நம் கைவசம் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. இரண்டு டம்ளர் எடுத்து, காபி ஆற்றுவது போல நாலைந்து தடவை ஆற்றுங்கள். நுரை அடங்கியதும் குழாயில் ஊற்றி, கருவியை மெல்ல விட்டு, விரலால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். ஒட்டியிருக்கும் மிச்சக் குமிழியும் விழுந்துவிடும்.

எண்ணைப் படிப்பது

கருவி ஆட்டம் நின்று, குழாயின் சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும். கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். முட்டி போட்டுக் குனியத்தான் வேண்டும். திரவம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் கொஞ்சம் மேலே ஏறி வளைந்திருக்கும். அந்த வளைவை விட்டுவிட்டு, திரவத்தின் தட்டையான மட்டம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பாருங்கள். வளைவின் மேல்விளிம்பில் படிக்கச் சொல்லும் கருவிகளும் சில உண்டு, கூட வந்த தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததில்தான் புதியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுவார்கள். இதில் எண்கள் கீழே போகப் போகக் கூடும். 1.040 மேலே, 1.050 கீழே. பெரும்பாலான கருவிகளில் ஒரு சின்னக் கோடு என்றால் 0.002. ஆகவே 1.040க்கு மூன்று கோடு கீழே இருந்தால் 1.046. நம் கை பழக்கத்தில் மேல்நோக்கி எண்ணிவிட்டால் 1.034 என்று எழுதி வைப்போம், பிறகு கணக்கு உதைக்கும்.

சூட்டையும் கவனியுங்கள். சூடான திரவம் லேசானது, எண் குறைவாகக் காட்டும். 20 டிகிரி கருவியில், மாதிரி 25 டிகிரி இருந்தால் சுமார் 0.001 கூட்டுங்கள், 30 டிகிரி என்றால் 0.0025, 40 என்றால் 0.006. அதற்கு மேல் கூட்டல் கணக்கு போடுவதைவிட ஆறும்வரை காத்திருப்பது மேல். கொதிக்கும் வோர்ட்டில் போட்டால் கண்ணாடியே விரிசல் விடலாம்.

ஆல்கஹால் எவ்வளவு?

ஓ.ஜி.யில் எஃப்.ஜி.யைக் கழித்து 131.25 ஆல் பெருக்குங்கள். முதல் நாள் 25 டிகிரியில் 1.045 காட்டியது, திருத்தினால் 1.046. கடைசியில் 1.010. வித்தியாசம் 0.036. பெருக்கினால் 4.7 சதவீதம். சுமாரான கணக்குதான், வீட்டுக்கு இது போதும். கடைசி எண் 1.000க்கு வரவில்லையே என்று கவலை வேண்டாம். மால்ட்டில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் உண்டு, பீர் வாயில் தண்ணீராக இல்லாமல் கனமாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

எப்போது பாட்டிலில் அடைப்பது?

ஏர்லாக்கை நம்பாதீர்கள். குமிழி வருவது மூடி இறுக்கத்தைப் பொறுத்தது, அறைச் சூட்டைப் பொறுத்தது. பத்தாம் நாள் வாக்கில் ஒரு அளவு எடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொன்று. இரண்டும் ஒன்றாகவும், கிட்டின் தாளில் சொன்ன எஃப்.ஜி.க்குப் பக்கத்திலும் இருந்தால் அடைக்கலாம். 1.012, மறுபடி 1.010 என்றால் இன்னும் வேலை நடக்கிறது, பொறுங்கள். 1.020இலேயே அசையாமல் நின்றால் அதை முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாளியை 20 டிகிரி இருக்கும் அறைக்கு மாற்றி, மெல்ல ஒருமுறை ஆட்டிவிட்டு, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். என் முதல் பீருக்கு அதுதான் தேவைப்பட்டிருந்தது.

வேலை முடிந்ததும் கருவியைச் சாதாரணத் தண்ணீரில் கழுவி, உடனே அதன் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள். மேஜையில் வைத்தால் உருளும், உருண்டால் உடையும். வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள். நான் இப்போது வைத்திருப்பது நாலாவது.