பழஞ்சீன மெய்யியலில் மொழியும் தருக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சீன மெய்யியலில் தருக்கம் உண்டா என்று கேட்பவருக்கு இரண்டு விடைகள் எளிதில் கிடைக்கின்றன. சீனர்கள் உவமையாலும் உள்ளுணர்வாலும் சிந்தித்தவர்கள், தருக்கம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்பது ஒன்று. அரிஸ்டாட்டில் கண்டதெல்லாம் அவர்களிடமும் இருந்தது, வரலாறு அதை மறைத்துவிட்டது என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. கிரேக்க நாட்டில் எழுந்த கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சீன நூல்களில் அதற்கு விடை தேடுவதே அந்தத் தவறு. ஒரு வாதத்தின் வடிவம் மட்டுமே அதன் முடிவை உறுதிசெய்யுமா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். கி.மு. 5ஆம் நூற்றாண்டிலிருந்து கி.மு. 221இல் சின் பேரரசு எழும் வரை நீடித்த போரிடும் நாடுகள் காலத்தில், சீனச் சிந்தனையாளர்களை வாட்டிய கேள்வி வேறு: இந்தப் பெயர் இந்தப் பொருளுக்குப் பொருந்துமா, பொருந்துமென்றால் அந்தப் பொருத்தத்தை எதுவரை நீட்டலாம்? இந்தக் கேள்வியை மனத்தில் இருத்தாமல் அவர்களைப் படித்தால், அவர்கள் பிள்ளைத்தனமாகப் பேசுவதுபோலத் தோன்றும். அல்லது அவர்கள் சொல்லாததையெல்லாம் நாமே அவர்கள் வாயில் வைத்துவிடுவோம்.

இந்தக் கேள்வி ஆட்சியிலிருந்து எழுந்தது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அரசுப் பொறுப்பு கிடைத்தால் முதலில் எதைச் செய்வீர்கள் என்று மாணவர் சிலூ கேட்டபோது, பெயர்களைச் செம்மைப்படுத்துவேன் என்று கன்ஃபூசியஸ் சொன்னார். அகராதி தொகுப்பதையோ, இயற்கை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சரியான பெயரை வைத்திருக்கிறது என்பதையோ அவர் சொன்னதாக எடுத்துக்கொள்வது பிழை. அரசன் என்னும் பெயரைச் சுமப்பவன் அரசனாக நடக்க வேண்டும், தந்தை எனப்படுபவன் தந்தையாக நடக்க வேண்டும் என்பதே அவருடைய கவலை. அவர் வழிவந்த சுன்சி, கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பெயர்களுக்கு இயல்பான பொருத்தம் ஏதுமில்லை என்றும், மக்கள் உடன்பட்டு அந்த உடன்பாடு வழக்கமான பிறகே அது பொருத்தம் எனப்படுகிறது என்றும் வெளிப்படையாக எழுதினார்.

குங்சுன் லுங்கின் வெண்குதிரை வாதம் அளவுக்கு இழிவுபடுத்தப்பட்டதும் மிகையாக்கப்பட்டதும் இத்துறையில் வேறொன்றில்லை. சாவ் நாட்டில் பிங்யுவான் பிரபுவின் ஆதரவில் வாழ்ந்த அவருடைய உரையாடல் இப்படித் தொடங்குகிறது: “வெண்குதிரை குதிரை அன்று எனலாமா?” “எனலாம்.” அதற்கு அவர் தரும் காரணங்களில் இரண்டு முதன்மையானவை. ‘குதிரை’ என்பது வடிவத்துக்கு இட்ட பெயர். ‘வெள்ளை’ என்பது நிறத்துக்கு இட்ட பெயர். நிறத்துக்குப் பெயரிடுவது வடிவத்துக்குப் பெயரிடுவதாகாது. அடுத்து, ஒருவர் குதிரை கேட்டால் மஞ்சள் குதிரையையோ கருங்குதிரையையோ கொடுக்கலாம். வெண்குதிரை கேட்டால் அவற்றைக் கொடுக்க முடியாது. இரண்டும் ஒன்றே என்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது? எதிர்வாதம் செய்பவரும் சும்மா இருக்கவில்லை. வெண்குதிரை வைத்திருப்பவரிடம் குதிரை இல்லை என்று சொல்ல முடியாதே என்று அவர் மடக்குகிறார்.

இதைச் சொல்விளையாட்டு என்று தள்ளுபவர், இரண்டாவது காரணம் உண்மையிலேயே ஒன்றை நிறுவுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. ‘குதிரை’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘வெண்குதிரை’ என்று மாற்றி வைக்க முடியாது என்பது அதனால் உறுதியாகிறது. வெண்குதிரைகள் குதிரைகளின் கூட்டத்தில் சேரா என்பது உறுதியாகவில்லை. ‘அன்று’ என்னும் மறுப்பு ‘ஒன்றே அல்ல’ என்பதையும் குறிக்கும், ‘அவ்வகையைச் சேர்ந்ததல்ல’ என்பதையும் குறிக்கும்; பழஞ்சீனத்தின் ‘ஃபெய்’ என்னும் மறுப்புச் சொல்லும் அப்படியே. வாதத்தின் உயிர் இந்த இடைவெளியில் இருக்கிறது. எந்தப் பொருளில் ஒரு கூற்று நிற்கும், எந்தப் பொருளில் விழும் என்று கேட்பதே இதைப் படிக்கும் முறை என்பேன்.

இதே வாதத்தைச் சுற்றி இன்னொரு பிழை பரவியுள்ளது. எல்லைக் காவலில் வெண்குதிரைக்கு வரி கேட்கப்பட்டபோது தத்துவவாதி தோற்றுப்போனார் என்ற கதையைக் குங்சுன் லுங்கின் தலையில் கட்டுகிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ஹான் ஃபெய்யின் நூலில் வரும் கதை, சுங் நாட்டைச் சேர்ந்த நி யுவே என்ற வாதியைப் பற்றியது. சி நாட்டின் ஜிசியாவில் கூடிய வாதிகளையெல்லாம் வெண்குதிரை வாதத்தால் வென்றவர், வெண்குதிரை ஏறிக் காவலைக் கடந்தபோது அதற்குரிய வரியைக் கட்டத்தான் வேண்டியிருந்தது என்கிறது அது. வெண்குதிரை ஒரு தனிமனிதரின் விந்தை அன்று, பல வாதிகள் கையாண்ட பொதுப் பொருள் என்பதற்கு இது நல்ல சான்று.

மொழியின் அமைப்பிலிருந்து நேராகச் சிந்தனைக்குத் தாவுவது அடுத்த தவறு. பழஞ்சீனத்தின் பெயர்ச்சொற்கள் தண்ணீர், அரிசி போன்ற எண்ண முடியாத பொருட்பெயர்களின் இயல்புடையவை, ஆகவே ‘குதிரை’ என்பது உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரே பொருளின் பெயர் என்று சாட் ஹான்சன் 1983இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அது துறையை உலுக்கிய கருதுகோள். ஆனால் கிறிஸ்டோஃப் ஹார்ப்ஸ்மையர் போன்றோர், எண்ணத்தக்க பெயர்களைப் பழஞ்சீனம் தெளிவாகப் பிரித்தே கையாண்டது என்று காட்டி அதை மறுத்தனர். விவாதத்தில் இருக்கும் ஒன்றை முடிந்த முடிவாக எடுத்தாளக் கூடாது.

‘இருக்கிறது’ என்னும் இணைப்புவினை இல்லாத மொழியில் தருக்கம் வளராது என்ற பழைய வாதத்தைத் தமிழ் வாசகர் நொடியில் எடைபோடலாம். ‘இது மரம்’ என்று இணைப்புவினை இல்லாமலேதான் நாமும் சொல்கிறோம்; அதனால் நமக்கு எந்தத் தெளிவும் குறைந்துவிடவில்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்து எண்ணிப் பார்ப்பது சீன மொழி பேசுவோருக்குக் கடினம் என்று ஆல்ஃபிரட் புளூம் 1981இல் எழுதியதும் இவ்வகையே. பின்னர் செய்யப்பட்ட சோதனைகள் அவருக்குத் துணைநிற்கவில்லை. பழைய நூல்களும் துணைநிற்கவில்லை. குவான் சுங் என்ற அமைச்சர் மட்டும் இல்லாதிருந்தால் நாமெல்லாம் தலைவிரி கோலமாக, இடப்பக்கம் மடித்த ஆடை உடுத்தித் திரிந்திருப்போம் என்கிறார் கன்ஃபூசியஸ். நடக்காத வரலாற்றை ஒரே வரியில் எண்ணிப் பார்க்கும் கூற்று அது.

முரண்பாட்டைச் சீனர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டவர்கள் என்ற நம்பிக்கைக்கும் நூல்களில் இடமில்லை. கன்ஃபூசியஸுக்குப் பின் வந்த சிந்தனையாளர் மோசியின் வழிவந்த பிற்கால மோசியர்கள், ஒருவர் இதை மாடு என்கிறார், மற்றவர் மாடு அன்று என்கிறார், இரண்டும் ஒருசேரப் பொருந்தா, இரண்டில் ஒன்று கட்டாயம் பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். எல்லாக் கூற்றும் பிழையே என்பது பிழை, காரணம் அந்தக் கூற்றிலேயே இருக்கிறது என்றும் எழுதினார்கள். எதையும் துளைக்கும் ஈட்டியையும் எதனாலும் துளைக்க முடியாத கேடயத்தையும் ஒருசேர விற்ற மனிதனின் கதையை ஹான் ஃபெய் சொன்னது, பழங்கால யாவ் மன்னரையும் அவருக்குப் பின் வந்த ஷுன் மன்னரையும் ஒரே மூச்சில் போற்றுவோரை மடக்குவதற்காக: யாவின் ஆட்சி குறையற்றது என்றால் ஷுன் திருத்துவதற்கு என்ன இருந்தது?

மோசியர்களின் ‘சிறு தேர்வு’ எனப்படும் குறுகிய அத்தியாயத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும். வெண்குதிரை குதிரை; வெண்குதிரை ஏறுவது குதிரை ஏறுவது. இது நேராகச் செல்கிறது. வண்டி மரம், ஆனால் வண்டி ஏறுவது மரம் ஏறுவதன்று. அவளுடைய தம்பி அழகன்; ஆனால் தம்பியிடம் அன்பு வைப்பது அழகனிடம் அன்பு வைப்பதன்று. வாக்கியத்தின் அச்சு மாறவே இல்லை. ஆயினும் ஓரிடத்தில் முடிவு நிற்கிறது, மற்றோரிடத்தில் சரிகிறது. பிறகு வருவதுதான் சர்ச்சைக்குரியது. கள்வர் மனிதரே, ஆனால் கள்வர் மலிந்திருப்பதை வெறுப்பது மனிதர் மலிந்திருப்பதை வெறுப்பதன்று, கள்வர் இல்லாமல் போக வேண்டும் என்று விரும்புவது மனிதர் இல்லாமல் போக வேண்டும் என்று விரும்புவதன்று, ஆகவே கள்வரைக் கொல்வது மனிதரைக் கொல்வதன்று.

இதை வெறும் ஏமாற்று என்று கடந்துபோவோர், மோசியர்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. எல்லாரிடமும் வேறுபாடின்றி அன்பு செலுத்த வேண்டும் என்பது அவர்களின் தலையாய கொள்கை. கள்வருக்கு மரண தண்டனை தருவதையும் அவர்கள் ஏற்றார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்ற கேள்விக்கு விடைதேடும் முயற்சி இது. வெறுப்பது, விரும்புவது பற்றிய படிகள் வலுவானவை என்பதே என் கருத்து. ஒரு பொருளை எந்தப் பெயரின் கீழ் விரும்புகிறோம் என்பது உண்மையிலேயே வேறுபாடு செய்கிறது. கொல்வது அப்படிப்பட்டதன்று. கள்வனைக் கொன்றவன் எந்தப் பெயரிட்டுக் கொன்றாலும் ஒரு மனிதனைக் கொன்றவனே. இப்படி ஒரே அச்சில் அடுக்கிய இணைவாக்கியங்கள் ஓர் எல்லை வரைதான் செல்லும் என்று அதே அத்தியாயம் எச்சரிக்கிறது; அந்த எல்லையை இந்த இடத்தில் ஆசிரியர்களே தாண்டிவிட்டார்கள். சுன்சியும் இந்தக் கூற்றைப் பெயரிட்டுச் சுட்டி, பெயரைக் கொண்டு பெயரைக் குழப்புவது என்று கண்டித்தார். மறுபுறம், இங்கே நவீனக் குறியீட்டுத் தருக்கத்தைக் காண்போரும் அவசரப்படுகிறார்கள். மோசியர்கள் சொல்லுக்குப் பதிலாகக் குறியை வைக்கவில்லை. செல்லத்தக்க வடிவங்களைப் பட்டியலிடவும் இல்லை. வடிவத்தை மட்டும் நம்பினால் சறுக்குவோம் என்பதையே எடுத்துக்காட்டுக்கு மேல் எடுத்துக்காட்டாகக் காட்டினார்கள்.

தாவோ மரபின் சிந்தனையாளர் சுவாங்சியைத் தருக்கத்தின் பகைவராகச் சித்திரிப்பதும் வழக்கமாகிவிட்டது. வாதத்தில் வென்றவர் பொருந்தச் சொன்னவர் என்று மோசியர்கள் சொல்ல, நீ என்னை வென்றால் நீ சொன்னது சரியாகிவிடுமா, தீர்ப்புச் சொல்ல யாரை அழைப்பது, உன்னோடு உடன்படுபவரையா என்னோடு உடன்படுபவரையா என்று அவர் கேட்கிறார். இது வாதத்தை வாதத்தாலேயே சோதிப்பது. தம்மோடு ஓயாமல் வாதிட்ட ஹுய் ஷியின் கல்லறையைக் கடக்கும்போது, இனிப் பேச எனக்கு ஆளில்லை என்று அவர் வருந்துவதாகச் சுவாங்சி நூல் சொல்கிறது.

ஹுய் ஷி, குங்சுன் லுங் ஆகியோரைச் சேர்த்துப் ‘பெயர்ப் பள்ளி’ என்பார்கள். அப்படி ஒரு பள்ளி அவர்கள் காலத்தில் இயங்கவில்லை, கி.மு. 110இல் மறைந்த வரலாற்றாசிரியர் சிமா டான் பழைய சிந்தனைகளை ஆறாக வகுத்தபோது இட்ட தலைப்பு அது.

நூல்களின் நிலையை மறந்து பேசுவது இவையனைத்திலும் பெரிய தவறாக எனக்குப் படுகிறது. ஹுய் ஷியின் பத்துக் கூற்றுகள் சுவாங்சி நூலின் கடைசி அத்தியாயத்தில் காரணங்கள் இல்லாமல் முடிவுகளாக மட்டுமே கிடைக்கின்றன. அவற்றுக்கு எழுதப்படும் நீண்ட விளக்கங்கள் பிறருடையவை. ஓர் அடிக் கோலை நாள்தோறும் பாதியாக்கினால் பத்தாயிரம் தலைமுறையானாலும் தீராது என்ற புகழ்பெற்ற கூற்றை அவருடையது என்கிறார்கள். நூல் அதை அவரோடு வாதிட்ட பிற வாதிகளுடையது என்கிறது. குங்சுன் லுங்குக்கு 14 அத்தியாயங்கள் இருந்ததாக ஹான் காலப் பட்டியல் சொல்ல, இன்று எஞ்சியவை 6. மோசியர்களின் சூத்திரங்கள் மேலும் கீழுமாக இரண்டு வரிசைகளில் எழுதப்பட்டவை. பின்வந்தோர் அவற்றை ஒரே தொடராகப் படியெடுத்ததால் மேல்வரிசைச் சூத்திரமும் கீழ்வரிசைச் சூத்திரமும் மாறிமாறிக் கலந்துவிட்டன. இந்நூலைக் குறுக்காகப் படிக்க வேண்டும் என்ற குறிப்பொன்று சூத்திரங்களுக்கு நடுவிலேயே சிக்கிக் கிடந்தது. சிங் அரசமரபுக் காலத்து (1644–1912) அறிஞர்கள் அதன் துணையோடுதான் வரிசையை மீட்டார்கள். ஆகவே எந்தச் சூத்திரத்தை மேற்கோள் காட்டினாலும், நாம் காட்டுவது திருத்தப்பட்ட பாடம்.

இந்தியத் தருக்கத்தையும் இதையும் காலம் பாராமல் கலப்பதைத் தவிர்க்க வேண்டும். யுவான் சுவாங் நியாயப்பிரவேசம் என்ற பௌத்தத் தருக்க நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தது கி.பி. 647இல்; மோசியர்கள் மறைந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்நூலின் அளவை முறையோடு நெருங்கிய ஒற்றுமையுடைய பகுதி மணிமேகலையின் 29ஆம் காதையில் இருக்கிறது. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் அறவண அடிகள் அங்கே வகுத்துரைக்கிறார். அந்தப் போலிகளின் பட்டியலையும் மோசியர்களின் கள்வர் வாதத்தையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, அங்கே ஏதுவின் குற்றங்கள் வகைவகையாகப் பெயரிடப்பட்டிருப்பதும், இங்கே அவ்வகைப் பட்டியல் இல்லாமல் வாக்கியங்களே அடுத்தடுத்து நிறுத்திச் சோதிக்கப்படுவதும் தெரியும்.